ஆச்சி கட்டியிருக்கிற சேலை எந்தக் காலம்? பழைய குடும்பப் படங்களில் உடுப்பு பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

நெல்லை டவுன்

குடும்பப் படத்தைக் கையில் எடுத்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது நடுவில் நாற்காலியில் இருக்கிற ஆச்சியைத்தான். காதில் தண்டட்டி தொங்கும், ரவிக்கை இருக்காது, பின்கொசுவம் வைத்த சேலை. உடனே "நூறு வருசத்துக்கு முந்திய படம்" என்று பின்னால் எழுதிவிடுவார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. எழுபது வயது ஆச்சி தன் இருபது வயதில் பழகிய கட்டையே கடைசிவரை கட்டுவார். அதே படத்தில் அவருக்குப் பின்னால் நிற்கும் மருமகள் முழங்கை வரை ரவிக்கை போட்டு முன்கொசுவம் வைத்திருப்பார். தரையில் சம்மணம் போட்டிருக்கிற பேத்திக்குப் பாவாடையும் பஃப் கைச் சட்டையும். மூன்று காலம் ஒரே அட்டையில் நிற்கும். உடுப்பு அந்தந்த ஆளின் தலைமுறையைச் சொல்லும். படம் எடுத்த வருசம் வேண்டுமென்றால் கூட்டத்தில் கடைசியாக மாறியது எது என்று தேட வேண்டும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கல்யாணமாகி ஓரிரு வருசமான பெண்ணின் ரவிக்கைக் கை. அடுத்து இளவட்ட ஆண்களின் தலையும் சட்டைக் காலரும். குடுமியா கிராப்பா, கிராப்பு என்றால் காதில் கடுக்கன் போட்ட துளை தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளை இருந்து கடுக்கன் இல்லாதவர் பெரும்பாலும் குடுமியை எடுத்த முதல் தலைமுறை. பிள்ளைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்கிற பிள்ளை என்று இரண்டு வருசத்துக்குச் சேர்த்துத் தைத்திருப்பார்கள், இல்லையென்றால் அண்ணன் போட்டதைத் தம்பி போட்டிருப்பான். கோயிலுக்கு முடி நேர்ந்திருந்தால் ஆண்பிள்ளைக்கும் சடை பின்னிப் பூ வைத்துப் பாவாடை கட்டி எடுத்திருப்பார்கள். "இந்தப் பெண்பிள்ளை யார்" என்று குடும்பமே குழம்பும் படங்களில் பாதி இந்த வகைதான்.

பிறகு தாள். 4¼-க்கு 6½ அங்குலக் கெட்டி அட்டையில் மெல்லிய படம் ஒட்டியிருந்தால் கேபினட் சைஸ். 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஓடிய அளவு அது. பின்புறம் தபால் அட்டை போலக் கோடும் ஸ்டாம்பு ஒட்டும் கட்டமும் அச்சாகியிருந்தால் 1900-க்குப் பிறகு. ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தால் ஏறக்குறைய 1930 முதல் 60-கள் வரை. தொட்டால் பிளாஸ்டிக் போல வழுவழுவென்று இருந்தால் 1970-க்கு இந்தப் பக்கம்.

கடைகளில் ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இருட்டறையில் படத்தின் வெள்ளை ஓரத்தில் அடியுங்கள். நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. 1950-க்கு முந்திய போட்டோத் தாளில் அது கிடையாது. ஒளிராவிட்டால் பழசு என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், அது சேர்க்காத தாளும் பிறகு விற்றது. இன்னொன்று, ஒளிர்வது பிரிண்ட் போட்ட காலத்தைத்தான் சொல்லும். 1935-ல் எடுத்த நெகட்டிவை 1965-ல் பிரிண்ட் போட்டிருக்கலாம்.

அட்டையில் "திருநெல்வேலி ஜில்லா, கோவில்பட்டி" என்றோ "ஸ்ரீவைகுண்டம்" என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை அதெல்லாம் நம் மாவட்டம்தான்.

அம்பாசமுத்திரம்

டவுன் அண்ணாச்சி சொன்ன பின்கொசுவத்தைப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொசுவம் முதுகுப் பக்கம் இருக்கும், படமோ முன்னால் இருந்து எடுத்தது. அதனால் பலர் தவறவிடுகிறார்கள்.

அளவிலிருந்து தொடங்கலாம். ஒரு முழம் 18 அங்குலம், அதாவது அரை கெஜம். பழைய கட்டுக்குப் பதினாறு முழம் அல்லது பதினெட்டு முழம் வேண்டும், 8 கெஜம் அல்லது 9 கெஜம். இப்போது கட்டுகிற சேலை பன்னிரண்டு முழம், 6 கெஜம். பதினாறு முழத்தை உள்பாவாடை இல்லாமல் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். அதனால் படத்தில் இடுப்புக்குக் கீழே துணி கனமாகத் தெரியும், கரை இரண்டு அடுக்காக ஓடும். வயிற்றுக்கு நேரே விசிறி மடிப்பு இருக்காது, வழவழப்பாக இருக்கும். சேலையின் அடிக்கரை தரையைத் தொடாமல் கணுக்காலுக்கு மேலே நிற்கும், தண்டையும் கொலுசும் தெளிவாகத் தெரியும். வயக்காட்டில் நடக்கிற கால்களுக்கு ஏற்ற கட்டு அது. கொஞ்சம் ஒருக்களித்து நின்றிருந்தால் இடுப்புக்குப் பின்னால் கொசுவத்தின் மேல்நுனி சின்ன விசிறி போல வெளியே எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

முன்கொசுவம் என்றால் நேர்மாறு. தொப்புளுக்குக் கீழே ஐந்தாறு மடிப்பு செங்குத்தாக இறங்கும். உள்பாவாடை தாங்குவதால் அடிக்கரை பாதத்தை மூடும்.

உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டையும் பிரிப்பது கடினம். அங்கே முழங்காலைப் பாருங்கள். முன்கொசுவ மடிப்பு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கொத்தாக விழும். பின்கொசுவத்தில் கரைக்கோடு ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்குச் சரிந்து போகும்.

ரவிக்கை இல்லாததை ஏழ்மை என்று எழுதிவிடாதீர்கள். கழுத்தில் அட்டிகையும் காசுமாலையும் போட்டு, மேலே சேலைத் தலைப்பை மட்டும் இறுக்கிச் சுற்றியிருக்கும் பெரிய வீட்டு ஆச்சிகளின் படங்கள் நம் பக்கம் ஏராளம். ரவிக்கை போட்டவர்களிலும் முன்னால் முடிச்சுப் போட்டதா கொக்கி வைத்ததா என்று பாருங்கள். முடிச்சு என்றால் நெஞ்சுக்கு நடுவே சேலைக்கு அடியில் ஒரு மேடு தெரியும்.

முந்தானை இடத் தோளில்தான் வரும். வலத் தோளில் கிடந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், கணினியில் புரட்டிக்கொள்ளலாம்.

கல்லிடைக்குறிச்சி

அண்ணாச்சி, கடைசி வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். மடிசாரில் ஐயர் வீடுகளில் முந்தானை வலத் தோளில் வரும், ஐயங்கார் வீடுகளில் இடத் தோளில். எங்கள் அக்ரகாரப் படங்களைச் சேலையை மட்டும் நம்பிப் புரட்டியவர்கள், உட்கார்ந்திருந்த வரிசையையே தலைகீழாக்கி, மூத்த மருமகளை இளையவராக எழுதி வைத்திருக்கிறார்கள். புரட்டுவதற்கு முன்னால் குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும். ஆண்களின் சட்டைப் பை இடப்பக்கம் இருக்க வேண்டும். கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் மூடி பொத்தான் விழ வேண்டும். எங்காவது எழுத்து இருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. மூக்குத்தியை நம்ப வேண்டாம், இரண்டு பக்கமும் குத்தியவர்கள் உண்டு.

மடிசாரை அடையாளம் காண இன்னொரு வழி, கால்களுக்கு நடுவே துணி வாங்கிப் பின்னால் சொருகியிருக்கும். அதனால் ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதைப் பக்கம் கரை மேலேறித் தெரியும். விதவையான பாட்டிகள் தலையை மூடி வெளிர்ச் சேலையில் ஓரமாக இருப்பார்கள். அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் பிரேம் போட்ட படங்களும் உண்டு. அட்டையின் அளவையும் படத்தின் அளவையும் ஒப்பிட்டால் வெட்டியது தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டை, ஸ்டூடியோ டச்சிங் (படத்தைத் தூரிகையால் திருத்தும் வேலை)

இங்கே எல்லாரும் சேலையின் கட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான்.

"எங்கள் பூட்டி கல்யாணத்துக்குக் கறுப்புச் சேலை கட்டியிருக்கிறார்" என்று படத்தைக் கொண்டுவருவார்கள். கறுப்பு இல்லை, அது அரக்குக் கூறைச் சேலை. பழைய பிளேட்டுக்கும் ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்கும் சிவப்பு கண்ணில் படாது. சிவப்பிலிருந்து வருகிற வெளிச்சம் அதில் பதியாததால் அந்த இடம் பிரிண்டில் கறுப்பாக விழும். அதே காரணத்தால் குங்குமமும் வெற்றிலை போட்ட உதடும் கறுப்பு. மஞ்சளும் உண்மையில் இருப்பதைவிட அடர்ந்து விழும். நீலம் நேர்மாறு, அது வெளுத்துப்போகும். வெளிர்நீலச் சேலை அப்படத்தில் வெள்ளைச் சேலையாகவே தெரியும். மாநிற முகமும் கூடுதலாகக் கறுத்து விழும், அதற்காகவே படம் எடுக்கும் முன் முகத்தில் பவுடர் அப்பினார்கள். எல்லா நிறத்தையும் ஏற்கிற பான்குரோமேட்டிக் பிலிம் பரவிய பிறகும், சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்ற வசதிக்காகப் பல ஸ்டூடியோக்கள் ஆர்த்தோவையே வைத்திருந்தன. ஆகவே 1950-களின் படத்திலும் இது நடக்கும்.

பிலிம் எது என்று தெரிய நெற்றியைப் பாருங்கள். குங்குமம் மையைப் போலக் கறுத்து, வெற்றிலை போட்ட உதடும் அதே அளவு கறுத்திருந்தால் ஆர்த்தோ. இரண்டும் சாம்பல் என்றால் பான்குரோமேட்டிக். இதைப் பார்க்காமல் கைப்பேசிச் செயலியில் போட்டு நிறம் ஏற்றினால் அது சாம்பல் அளவை வைத்து யூகம்தான் பண்ணும். அரக்குச் சேலை கரும்பச்சையாக வரும், பிள்ளைகள் அதையே நிஜமென்று நம்பும். சரிகையும் இப்படி ஏமாற்றும். வெளிச்சம் நேராகப் பட்ட மடிப்பில் வெள்ளையாகவும் அடுத்த மடிப்பில் கறுப்பாகவும் விழும். ஒரே கரை இரண்டு நிறமாகத் தெரிந்தால் அதுதான் சரிகை.

இன்னும் முக்கியமானது, மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற பெரிய படம். அதிலுள்ள உடுப்பைத் தயவுசெய்து சாட்சியாக எடுக்காதீர்கள். ஆச்சி இறந்த பிறகு, பத்துப் பேர் நிற்கும் ஒரு படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே சேலையும் ரவிக்கையும் சங்கிலியும் தூரிகையால் வரைந்தவை அவற்றில் ஏராளம். ஆண்களுக்குக் கோட்டும் டையும் வரைந்தோம். கண்டுபிடிக்க: கரையின் அகலம் மடிப்பிலும் மாறாமல் ஒரே சீராக இருக்கும். தோளில் துணி மடங்க வேண்டிய இடத்தில் மடங்காது. முகத்தில் பிலிமின் பொடிப்புள்ளி மணி மணியாகத் தெரியும், துணியில் தெரியாது. கழுத்தைச் சுற்றி மெல்லிய புகை போல ஒரு ஓரம் இருக்கும். இப்படிப்பட்ட படம் கிடைத்தால் அதற்கு மூலமான கூட்டப் படத்தைத் தேடுங்கள், பிரேமின் பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே செருகி வைத்திருப்பார்கள்.

உண்மையாகவே போட்டிருக்கிற கோட்டும் பலசமயம் ஸ்டூடியோவுடையது. கை நீளம் மணிக்கட்டைத் தாண்டும் அல்லது எட்டாது, தோள்தையல் கீழே இறங்கியிருக்கும், காலில் செருப்பு இருக்காது. வேறு வேறு குடும்பங்களின் படத்தில் அதே கோட்டும் அதே வட்ட மேஜையும் அதே தூண் வரைந்த திரையும் வந்தால் ஒரே ஸ்டூடியோ, கிட்டத்தட்ட ஒரே காலம். ஒரு படத்தில் தேதி இருந்தால் மற்றதற்கும் உதவும்.

நாசரேத்

கிறிஸ்தவக் குடும்பப் படங்களில் உடுப்பு முந்தியே மாறியிருக்கும். இந்து வீட்டுப் படத்தின் கணக்கை அப்படியே போட்டால் இருபது முப்பது வருசம் பிந்திச் சொல்லிவிடுவீர்கள். மிஷன் பள்ளியில் படித்த பெண்கள் கழுத்தும் கையும் மூடிய சட்டை, தோளில் ப்ரூச், முன்கொசுவம் என்று முதலில் வந்தவர்கள். கழுத்தோரத்திலும் கை நுனியிலும் பின்னல் லேஸ் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னலை அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார், அது இந்தத் தேரிக்காட்டுப் பெண்களின் கைத்தொழிலாயிற்று. கையால் பின்னிய லேஸில் பூக்கள் ஒன்றுக்கொன்று சற்று மாறும். மிஷின் லேஸில் எண்ணிவைத்தது போல ஒரே இடைவெளி இருக்கும்.

ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கக் குடும்பங்களுக்குத் திருவிதாங்கூரில் கொள்வினை கொடுப்பினை உண்டு. அந்த வீட்டுப் படத்தில் ஒரு பூட்டி முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் அதை வெறும் மோஸ்தர் என்று தாண்டிப் போகாதீர்கள். நாடார் பெண்கள் எல்லாரும் மேலாடை போடலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்ததே 1859-ல்தான், அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற விலக்கோடு. அடியும் அவமானமும் பட்டு வாங்கிய சட்டை அது. படக்குறிப்பில் அந்தச் சட்டைக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கல்யாணப் படத்தில் வெள்ளைச் சேலை, தலையில் நெட், கையில் பூச்செண்டு என்றால் கோயிலில், அதாவது சர்ச்சில், போட்ட உடுப்பு. அன்றைக்கே வீட்டில் எடுத்த படத்தில் பட்டுச் சேலைக்கு மாறியிருப்பார். இரண்டும் ஒரே நாள் என்று தெரியாமல் இரண்டு பெண்கள் என்று எண்ணிவிடுகிறார்கள்.

மேலப்பாளையம்

எங்கள் பக்கம் பெண்கள் படத்தில் இருப்பதே அபூர்வம். பல வீடுகளில் ஒரு உம்மாவின் படம் என்றால் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது மட்டும்தான், வெள்ளைத் துப்பட்டி முக்காட்டோடு. அதனால் ஆண்களின் உடுப்பைக் கவனியுங்கள். துருக்கித் தொப்பி, கோட்டு, கீழே சாரம் (லுங்கி), இடுப்பில் அகலமான பெல்ட். சாரம் வெள்ளையா கட்டம் போட்டதா, விளிம்பு மூட்டிய தையல் எங்கே விழுகிறது என்பதெல்லாம் தெரியும். அட்டையில் ரங்கூன் ஸ்டூடியோ பெயர் இருந்தால் பெரும்பாலும் 1942-க்கு முன். ஜப்பான்காரன் அந்த மார்ச்சில் ரங்கூனைப் பிடித்தபோது நம் ஆட்கள் விட்டது விட்டபடி கிளம்பினார்கள்.

சங்கரன்கோவில்

பூச்சடை வைத்து எடுத்த படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தாழம்பூவும் மல்லிகை மொட்டும் வைத்துத் தைத்த சடை, உச்சியில் ராக்கொடி, வகிட்டுக்கு இரு பக்கமும் சூரியபிரபை சந்திரபிரபை, நுனியில் குஞ்சலம். சடை தெரிவதற்காகப் பிள்ளைக்குப் பின்னால் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். ரவிக்கையின் முதுகுப்பக்கம் தெரிகிற படம் அது ஒன்றுதான். முதுகுக் கழுத்து எவ்வளவு இறக்கம், கொக்கி பின்னாலா, பட்டன் வைத்ததா, பாவாடையை நாடாவில் கட்டியிருக்கிறதா என்று எல்லாம் கண்ணாடியில் இருக்கும். ஸ்டூடியோவின் எதிர்ச்சுவரும் சிலசமயம் விழும். காலண்டர் தெரிந்தால் கண்ணாடிப் பகுதியை மட்டும் வெட்டிப் புரட்டி வாசியுங்கள். முகம் மட்டும் போதும் என்று கண்ணாடியை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்யாதீர்கள்.

காதையும் அதே அக்கறையோடு பார்க்கலாம். பாம்படம், தண்டட்டி போடக் காது வளர்த்த ஆச்சிகள், பிற்பாடு காதை வெட்டித் தைத்துக் கம்மல் போட்டார்கள். தைத்த மடல் கட்டையாக, நடுவில் ஒரு தழும்புக் கோட்டோடு இருக்கும். ஒரே ஆச்சியின் இரண்டு படத்தில் எது முந்தியது என்று இதை வைத்துப் பிழையில்லாமல் சொல்லலாம்.

தென்காசி

கலர் படத்துக்கு வருகிறேன். 1970-களிலும் 80-களிலும் போட்ட கலர் பிரிண்ட் பலவும் இப்போது செம்பழுப்பாக இருக்கும். நீலச்சாயம் முதலில் மங்கிவிடுவதால் வருவது. அந்தப் படத்தில் சேலையின் நிறத்தைச் சொல்லும் முன்னால் ஆண்களின் வேட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேட்டி வெள்ளையாகத் தெரியும் வரை நீலத்தையும் பச்சையையும் ஏற்றினால் மற்ற நிறங்கள் ஓரளவு திரும்பும். சொட்டுநீலம் போட்ட வேட்டி என்பதால் துளி நீலம் மிச்சம் இருக்கட்டும்.

துணி எது என்பதைக் கறுப்பு வெள்ளையிலும் சொல்லலாம். கஞ்சி போட்ட ‘வாயில்’ என்கிற மெல்லிய பருத்திச் சேலை உடம்பை விட்டு விலகி நிற்கும், மடித்து வைத்த கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். நைலக்ஸ் என்கிற நைலான் சேலை உடம்போடு ஒட்டி வழியும், ஒரு கசங்கலும் இருக்காது. ஆண்களில் டெரிலின் சட்டை என்றால் உள்ளே இருக்கிற பனியன் தெரியும். நீளக் கூர்க்காலரும் பெல்பாட்டமும் 70-கள் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாவாடை தாவணிப் பெண்களுக்கு நடுவே முதல் சுடிதார் எந்தப் படத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் அந்தப் படம் ஒன்று இருக்கும்.

நெல்லை டவுன்

பிரேமிலிருந்து எடுக்கப் போய்ப் படத்தைக் கிழித்தவர்கள் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மழைக்காலத்து ஈரம் பட்டுப் படத்தின் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வராவிட்டால் அங்கேயே விடுங்கள். இழுத்தால் சேலையும் முகமும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கை நிறம் தீட்டிய படத்தில் தண்ணீர் பட்டால் நிறம் கரையும். கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடிப்பதுதான் வழி. முற்றத்துத் தாழ்வாரத்தில், நேர் வெயில் விழாத இடத்தில் படத்தைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். கேமராவைச் சரியாக நடுவில் நேராக நிறுத்துங்கள். கறுப்புத் துணி ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் நின்று எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது.

வெளியே வந்த படத்தை ஸ்கேன் செய்யத் தபால் அட்டை அளவுக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலரில் செய்யுங்கள், மஞ்சள் கறையைப் பிற்பாடு பிரித்து எடுக்க அதுதான் உதவும். பத்திரப்படுத்த டிஃப் கோப்பாக ஒன்று, அனுப்புவதற்கு ஜேபெக் கோப்பாக ஒன்று. பின்பக்கத்தையும் செய்யுங்கள்.

பெயர் எழுதப் பால்பாயிண்ட் வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவரும், அழுத்தம் முகத்தில் கோடாக எழும்பும். மெல்லிய டிரேசிங் தாளைப் படத்தின் நகல் மேல் வைத்துத் தலைகளை மட்டும் வரைந்து எண் போடுங்கள். எண்ணுக்கு நேரே பெயர், உறவுமுறை, உடுத்தியிருக்கும் துணி, அதைச் சொன்னவர் யார் என்று நான்கும் எழுதுங்கள். "நடுவில் இருப்பது பெரிய ஆச்சி, அரக்குச் சேலை, சொன்னது மூத்த மதினி" என்கிற அளவு போதும். மூலப்படத்தின் பின்னால் 2பி பென்சிலால் அதே எண்ணை மட்டும் ஓரத்தில் எழுதலாம். பிளாஸ்டிக் தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையின் மேல் எழுதி, மை காய்ந்த பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.